மேல்வளவுப் புல், கீழ்வீட்டுக் காவல்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பாதை நம்மில் பலருக்கு மனப்பாடம். பஸ்யாலையில் கஜுக் கடைகள், வறக்காப்பொலையில் பலகாரக் கடைகள், கடுகண்ணாவை ஏற்றத்தில் காதைக் குளிர்விக்கும் காற்று. அடுத்த முறை போகும்போது, கேகாலையைத் தாண்டியதும் இன்னொன்றையும் பாருங்கள். வீடுகளுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் சிவந்த மண்சுவர்களைத்தான் சொல்கிறேன்.

மலைநாட்டில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதலில் மலையை வெட்ட வேண்டும். சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமதரை எடுக்கிறோம். ஆகவே வீட்டின் பின்னால் வெட்டிய சுவர். முன்னால் கொட்டிய மண். நம் முற்றம் முடியும் இடத்துக்குக் கீழே இன்னொருவரின் குசினிக் கூரை தெரியும். நம் குசினிக்குப் பின்னால் இன்னொருவரின் முற்றம் நிற்கும். ஒரு வளவின் மண் இன்னொரு வீட்டின் தலைக்கு மேலே இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு அந்த மண்சுவர்களின் விளிம்பில் என்ன வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சில இடங்களில் வாழை. சில இடங்களில் மட்டும் ஆளுயரத்துக்கு அடர்ந்து, காற்றில் தலையாட்டும் ஒரு புல் வரிசை.

அந்தப் புல்லைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன். உயர்ந்து வளரும் புற்கள் தோட்டத்துக்கு அழகு. மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு அவை அழகோடு நின்றுவிடுவதில்லை. எதை நடுவது, எப்படிப் பராமரிப்பது, எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதை ஒரு பயணத்தின் ஊடாகவே சொல்கிறேன். பயணம் பேராதனையில் தொடங்கி, கீழே இறங்கி, மாவனல்லையிலிருந்து ஹெம்மாத்தகமைக்குப் போகிறது.

பேராதனையில்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகாதவர்கள் குறைவு. 1821 இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவை மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஓர்க்கிட் வீட்டையும் அரச பனைமர வரிசையையும் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால் இராட்சத மூங்கில்களைக் காணலாம். நூறு அடிக்கு மேல் எழும்பி, ஒன்றோடொன்று உராய்ந்து கறகறவென்று சத்தம் போடும். மழைக்காலத்தில் அதன் இளங்குருத்து ஒரே நாளில் ஏறத்தாழ ஓர் அடி வளரக்கூடியது.

மூங்கிலும் ஒரு புல்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நெல், கரும்பு, சோளம், குரக்கன், நம் குசினிக்குள் வரும் சேரை எல்லாமே புல் குடும்பம். புல்லின் பலம் தண்டில் இல்லை, தூரில் இருக்கிறது. வெட்டினாலும் தூரிலிருந்து மறுபடி முளைக்கும். ஆற்றோரத்து மூங்கில் தூர்களைக் குனிந்து பாருங்கள். நூறு கை விரல்கள் பின்னியதுபோல் மண்ணை இறுகப் பிடித்திருக்கும். கரை கரையாமல் நிற்பதில் அந்தப் பிடிக்கும் பங்குண்டு.

பூங்காவிலிருந்து வெளியே வந்தால் பூக்கன்று விற்கும் இடங்கள் கண்ணை இழுக்கும். இப்போது அங்கெல்லாம் அலங்காரப் புற்களும் விற்கிறார்கள். நரிவால்போல் பூக்கதிர் விடும் புல், செம்பழுப்பு இலைப் புல், வெள்ளை இறகுபோல் உயர்ந்து பூக்கும் பம்பாஸ் புல் என்று பல வகை. வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இதன் விதை காற்றில் பறந்து முளைக்குமா? இலையின் ஓரம் வெட்டுமா?

பம்பாஸ் புல் தென்னமெரிக்காவுக்குச் சொந்தமானது. கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அழகுக்காக நட்டார்கள். ஒரு பூக்கதிரிலிருந்து எண்ணற்ற விதைகள் பறந்து, இன்று அங்கெல்லாம் அதை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். அதன் இலை ஓரம் வாள் பல்லைப்போல் இருக்கும். ஓடி விளையாடும் பிள்ளையின் கையைக் கீறிவிடும். நரிவால் கதிர்ப் புல்லில் பச்சை இலை வகையும் விதையால் பரவும். செம்பழுப்பு இலை வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே அழகுக்கு மட்டும் வேண்டுமென்றால் அதைச் சட்டியிலோ வாசல் ஓரத்திலோ நடலாம். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் அதற்குப் போதும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கினிப் புல் இன்று வீதியோரம், வெறுங்காணி, கைவிட்ட தோட்டம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நம் வளவில் நடுவது நம் வளவோடு நிற்குமா என்று பார்த்து நடுவதும் நல்ல அயலாருக்கு அடையாளம்தானே?

மானா வளரும் மலைகள்

பேராதனையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஹந்தானை மலை. அதன் மேல்பகுதியில் மரமில்லாமல் பொன்னிறமாய்த் தெரிவது மானாப் புல். கையால் கசக்கி முகர்ந்தால் சேரையின் வாசம் வரும். இரண்டும் நெருங்கிய சொந்தம். அந்த இனத்திலிருந்துதான் நுளம்புக்குப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெயையும் வடிக்கிறார்கள். மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் ஒரு காலத்தில் இதன் பயிர்ச்செய்கை பெரிய அளவில் நடந்தது. சிங்களத்தில் அதற்குப் ‘பெங்கிரி மானா’ என்று பெயர்.

தேயிலைத் தோட்டங்களில் மானாவுக்கு இன்னொரு வேலை உண்டு. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுவதற்கு முன், களைத்துப்போன மண்ணில் மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம் வரை வளர விடுவார்கள். வெட்டி வெட்டி அந்த நிலத்திலேயே போடுவார்கள். புல் மண்ணைத் தேற்றிய பிறகுதான் தேயிலை ஏறும்.

ஆனால் மானாவை வீட்டோரத்தில் நடாதீர்கள். வெயில் காலத்தில் அது காய்ந்து சருகானால் ஒரு தீக்குச்சி போதும். கண்டி மலைகளில் வரட்சியான மாதங்களில் எரிவது பெரும்பாலும் இந்தப் புல்தான். எரிந்தாலும் அது தூரிலிருந்து மறுபடி எழும்பிவிடும். பக்கத்தில் உள்ள மரக்கன்றும் வீடும் அப்படி எழும்புமா?

மாவனல்லையிலிருந்து உள்ளே

கடுகண்ணாவையிலிருந்து இறங்கினால், வீதி மலையைச் சுற்றிச் சுற்றி மாவனல்லைக்கு வருகிறது. 2025 நவம்பரில் இந்த இறக்கத்தில் பஹல கடுகண்ணாவையில்தான் வீதியோரக் கடையொன்றின் மீது மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் பலியாயின. அதற்குச் சில நாட்களில் ‘டித்வா’ புயல் வந்து மலைநாட்டையே உலுக்கியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை, மாத்தளை என்று மண்சரியாத மாவட்டம் மலைநாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

மாவனல்லையில் மஹா ஓயாப் பாலத்தில் நின்று, ஒரு நல்ல மழைக்கு மறுநாள் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். செங்கட்டியைக் கரைத்ததுபோல் ஓடும். அது யாரோ ஒருவரின் முற்றம். யாரோ ஒருவரின் மிளகுக் கொடி நின்ற மண்.

மாவனல்லையிலிருந்து தெற்கே திரும்பினால் ஹெம்மாத்தகமைப் பாதை. இரு பக்கமும் பாக்கு, கராம்பு, மிளகு, பலா. பள்ளிவாசல் மினாராக்கள் மரங்களுக்கு மேலே தலைகாட்டும். நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள். குடும்பம் பெருகப் பெருகக் காணி பங்காகி, மேலே மேலே வெட்டி வீடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மாவனல்லையிலிருந்து பிரியும் இன்னொரு பாதை அரநாயக்கவுக்குப் போகிறது. 2016 மே 17 இல் அங்கே சாமசர கந்தை சரிந்து, நூறுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனதை நாம் மறந்திருக்க முடியாது. அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின.

ஹெம்மாத்தகமைப் பாதையில் ஒரு வளவில்தான் நான் அந்தப் புல் வரிசையைக் கிட்டப் பார்த்தேன். முற்றத்தின் கீழ்விளிம்பில் சுமார் நாற்பது அடி நீளம். வெளியாருக்கு அது அழகான பச்சை வேலி. அந்த வீட்டுத் தாத்தா சிரித்துக்கொண்டு சொன்னார்: “இது சும்மா புல்லு எண்டு நினைக்காதீங்க தங்கச்சி. இது இல்லாட்டி எண்ட முத்தம் எப்பவோ கீழ் வீட்டு அடுப்பில போய் விழுந்தீக்கும்.”

அது வெட்டிவேர். சிங்களத்தில் செவந்தரா என்பார்கள். நம் உம்மும்மாமார் அலுமாரியில் துணிகளுக்கிடையே வைத்த அதே வாசனை வேர்.

வெட்டிவேர் என்ன செய்கிறது?

பெரும்பாலான புற்களின் வேர் பக்கவாட்டில் படரும். வெட்டிவேரின் வேர் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் முதல் வருடத்திலேயே ஆறேழு அடி போகும்; பத்து அடிக்கு மேலும் போவதுண்டு. தலைமயிரைப்போல் மெல்லிய, ஆனால் உறுதியான வேர்கள். அதன் இழுவைப் பலத்தை மலேசியாவில் அளந்து பார்த்தபோது, மெல்லிரும்பின் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருக்கக் கண்டார்கள். மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான கம்பிகளை இறக்கியதுபோல்தான்.

மண்ணுக்கு மேலே அது செய்யும் வேலை இன்னொன்று. நெருக்கமாக நட்ட தூர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, இடைவெளியில்லாத சல்லடையாகிவிடும். மேலேயிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீர் அங்கே வேகம் தணிந்து பரவும். தண்ணீர் மெதுவாகக் கீழே போகும். மண் மேலேயே தங்கும். சில வருடங்களில் புல் வரிசைக்குப் பின்னால் தானாகவே ஒரு படி உருவாகிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பகுதி விவசாயிகள் நெடுங்காலமாகத் தம் வயல் எல்லைகளில் வெட்டிவேர் வரிசை வைத்தவர்கள். 1950களில் பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஜோன் கிறீன்பீல்ட் என்பவர் மண்ணரிப்புக்கு எதிராக இதை நட்டுப் பயன் கண்டார். 1980களில் அவரும் றிச்சர்ட் கிறிம்ஷோ என்பவரும் உலக வங்கியின் வேலைத்திட்டங்களுக்காக இந்தியாவுக்கு வந்து அதைப் பரப்பினார்கள். அதன்பின் பல நாடுகளில் வீதிக்கரைகளிலும் ரயில்பாதை ஓரங்களிலும் இது நடப்பட்டது.

தோட்டத்துக்கு இதில் இன்னொரு நன்மை. நாற்றாகக் கைமாறும் தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை, ஓடுகொடியும் விடுவதில்லை. நட்ட இடத்திலேயே நிற்கும். பக்கத்து வளவுக்குப் போய்த் தொல்லை கொடுக்காது.

நடுவது எப்படி?

முதலில் நாற்று. ஏற்கனவே வளர்த்திருக்கும் வீட்டில் கேட்டால் யாரும் இல்லை என்னமாட்டார்கள். நன்கு வளர்ந்த ஒரு புதரிலிருந்து பத்துப் பதினைந்து நாற்றுகள் தாராளமாகக் கிடைக்கும். அலவாங்கால் தூரைக் கிளப்பி, இரண்டு மூன்று தண்டுகள் கொண்ட சிறு பிடிகளாகப் பிரியுங்கள். இலையை எட்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். வேரை நாலு அங்குலம் விட்டு நறுக்குங்கள். இலை நீளமாக இருந்தால் வேர் பிடிப்பதற்கு முன் காய்ந்துவிடும். வெட்டிய நாற்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, கூடிய விரைவில் நட்டுவிடுங்கள்.

அடுத்தது இடம். வெட்டிவேர் வெயில் விரும்பி. பலா நிழலிலும் பாக்கு மர நிழலிலும் நட்டால் மெலிந்து செத்துவிடும். முற்றத்தின் விளிம்பில் நடுவதானால் சரியாக ஓரத்தில் குழி வெட்டாதீர்கள், ஓரம் உடையும். ஓரத்திலிருந்து ஓரிரு அடி உள்ளே தள்ளி நடுங்கள்.

மூன்றாவது, வரிசை மட்டமாக இருக்க வேண்டும். சரிவில் மேலிருந்து கீழாக வரிசை வைத்தால் அது தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகும். சரிவுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தில் வர வேண்டும். மேசன்பாஸ்மார் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில் நாலைந்து இடத்தில் குச்சி ஊன்றிக் கயிறு கட்டினால் போதும். நீண்ட சரிவானால் ஒரு வரிசை போதாது. மூன்று முதல் ஆறு அடி உயர வித்தியாசத்துக்கு ஒரு வரிசை என்று வையுங்கள்.

நாற்றுக்கு நாற்று இடைவெளி நாலு முதல் ஆறு அங்குலம். ஒரு சாண் கூட விடாதீர்கள். நாற்பது அடி வரிசைக்கு ஆறு அங்குலக் கணக்கில் எண்பது நாற்று வேண்டும். கையில் இருப்பது இருபதுதான் என்றால், அவற்றை நாற்பது அடிக்கும் பரப்பிவிடாதீர்கள். பத்து அடியை நெருக்கமாக நட்டு முடியுங்கள். அடுத்த வருடம் அதிலிருந்தே பிரித்துத் தொடரலாம். இடைவெளி விட்ட வரிசையில் தண்ணீர் அந்த ஓட்டையைத் தேடி வந்து மண்ணை அறுத்துவிடும்.

காலம் எது? மாவனல்லை, கேகாலைப் பக்கத்தில் மார்ச் கடைசி, ஏப்ரலில் பின்னேர மழை தொடங்கும்போது நடுவது நல்லது. மே மாதப் பெருமழைக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ளும். குழியில் ஒரு கைப்பிடி மக்கிய மாட்டெரு போடுங்கள், அது போதும். முதல் சில வாரம் மழை தவறினால் தண்ணீர் ஊற்றுங்கள். பிடிக்காத நாற்றைப் பார்த்துப் பார்த்து மாற்றி நடுங்கள்.

பராமரிப்பு

முதல் வருடம் வரிசைக்குள் வேறு களை ஏறவிடாதீர்கள். மற்றக் கொடிகள் மூடினால் வெட்டிவேருக்கு வெயில் கிடைக்காது. வருடத்துக்கு இரண்டு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்ட வெட்டத் தூர் பெருக்கும், வரிசை இறுகும். வெட்டாமல் விட்டால் ஆளுயரம் வளர்ந்து, நடுவில் சருகு சேர்ந்து, தூர் மெலியும்.

“உயர்ந்த புல்லில் பாம்பு வருமே?” என்று பலர் கேட்கிறார்கள். வெட்டிவேர் வாசத்துக்குப் பாம்பு வராது என்று சிலர் சொல்வதை நம்பியிருக்க வேண்டாம். அடர்ந்த எந்தப் புதரிலும் எலி வரும். எலி வந்தால் பாம்பும் வரும். ஆகவே வாசற்படியை ஒட்டியும் பிள்ளைகள் விளையாடும் மூலையிலும் இதை நடாதீர்கள். நேரத்துக்கு வெட்டி, அடியைத் துப்புரவாக வையுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே குவிக்காமல் மிளகுக்கும் தென்னைக்கும் அடியில் பரப்பிவிடுங்கள். ஈரம் காக்கும், மக்கி உரமாகும். இளம் இலையை மாடும் தின்னும்.

இன்னொரு முக்கியமான விஷயம். வாசனைக்காக வேர் வேண்டுமென்று வரிசையைத் தோண்டிவிடாதீர்கள். வேரைத் தோண்டினால் பிடித்திருந்த மண்ணையும் தளர்த்திவிடுகிறீர்கள். வாசனை வேர் வேண்டுமானால் பழைய பீப்பாவிலோ மணல் கலந்து நிரப்பிய உயரமான உரப்பையிலோ இரண்டு தூர் தனியாக வையுங்கள். ஒன்றரை வருடத்தில் பையைக் கிழித்தால் வேர் முழுதாக வரும். கழுவி நிழலில் உலர்த்தி அலுமாரிக்குள் வைக்கலாம்.

புல்லால் முடியாதது

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். வெட்டிவேர் மேல்மண் கரைவதைத் தடுக்கும். சில அடி ஆழத்துக்குள் நிகழும் சிறு சரிவுகளையும் தடுக்க உதவும். அரநாயக்கவில் நடந்ததுபோல் ஆழத்திலிருந்து மலையே நகர்ந்தால் எந்தப் புல்லாலும் அதை நிறுத்த முடியாது. “நான் புல் நட்டிருக்கிறேன், எனக்கொன்றும் ஆகாது” என்று இருந்துவிடக்கூடாது.

புல்லுக்கு உதவியாக நாம் செய்ய வேண்டியவை பல. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துச் சேர்த்து, குழாயால் கானுக்குக் கொண்டுபோய் விடுங்கள். குசினித் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் மண்சுவரின் மேல் ஓடவிடாதீர்கள். மலசலகூடக் குழியை விளிம்புக்கருகில் வெட்டாதீர்கள். குப்பையையும் வெட்டிய மண்ணையும் விளிம்பில் கொட்டாதீர்கள். மண்சுவரின் உச்சியில் வாழைத் தோட்டம் வைக்காதீர்கள்; வாழையின் வேர் ஆழம் போவதில்லை, நனைந்த புதரோ பாரம் மிகுந்தது. கல்மதில் கட்டுவதானால் தண்ணீர் வடியும் துளைகளை வைக்கச் சொல்லுங்கள். புதிதாக வெட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுங்கள்.

மண் நகரப்போகிறது என்றால் அது சில அடையாளங்களைக் காட்டும். வீட்டிலேயே இருக்கும் பெண்களின் கண்ணுக்கே அவை முதலில் படும். முற்றத்தில் அல்லது சரிவில் புதிய வெடிப்பு. சுவரிலும் தரையிலும் விரியும் கீறல். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது. மரமும் வேலிக்கம்பமும் சரிந்து நிற்பது. இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று. ஓடிய ஊற்று திடீரென நிற்பது. தெளிந்த ஊற்றுத் தண்ணீர் சேறாக வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டாரிடம் சொல்லுங்கள், கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

மழையையும் நாமே அளக்கலாம். அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரின் உயரத்தைப் பிள்ளைகளின் அடிக்கோலால் அளவுங்கள். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 தாண்டினால் அடையாள அட்டை, உறுதிப் பத்திரம், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு ஆகியவற்றை ஒரு பையில் கட்டி வைத்து ஆயத்தமாகுங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தால், ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியில் சொல்லும் எச்சரிக்கைகள் இந்தக் கணக்கை ஒட்டியவைதான். இரவாகும்வரை காத்திருக்காதீர்கள். பகல் வெளிச்சத்திலேயே உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். திரும்பி வரும்போது ஒன்றும் நடக்காமல் இருந்தால் அது வீண் அலைச்சல் அல்ல.

கடைசியாக ஒன்று. ஹெம்மாத்தகமையில் அந்தத் தாத்தாவிடம், “உங்கள் வளவின் பின்புறச் சுவருக்கு மேலே என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். மேல்வீட்டுக்காரர்கள் இன்னும் ஒன்றும் நடவில்லை என்றார். ஆகவே சென்ற வருடம் தன் வரிசையை வெட்டிப் பிரித்தபோது ஒரு சாக்கு நாற்றைத் தானே சுமந்துகொண்டு மேலே ஏறிக் கொடுத்து, நின்று நடவும் உதவினாராம். “எண்ட வளவு புல்லு கீழ் வீட்டைக் காக்குது. எண்ட வீட்டைக் காக்கிற புல்லு மேல் வளவிலதானே ஈக்கோணும்?” என்றார்.

மலையில் வாழும் சகோதரிகளே, இந்த ஏப்ரல் மழைக்கு உங்கள் விளிம்பில் ஒரு வரிசை நடுங்கள். மிஞ்சும் நாற்றை எறிந்துவிடாமல் மேல்வீட்டுக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்புங்கள்.